சிக்கனமான மேசைக் கணிப்பொறிக்கு ஏற்ற செயலியைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளிக்கூடத்திற்கோ வட்டார அலுவலகத்திற்கோ கணிப்பொறி வாங்குவதற்குத் தொகை ஒதுக்கப்படும்போது, எதை வாங்குவது என்னும் கேள்வி பெரும்பாலும் ஆசிரியரிடமோ களப்பணியாளரிடமோ வந்து சேருகிறது. தொகை சிறியது; அதனால் ஆகவேண்டிய வேலைகளோ பல. ஒருமுறை வாங்கிய பொறி ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உழைக்க வேண்டியிருக்கிறது. வாங்கியபின் குறை தெரிந்தாலும், மறுபடியும் தொகை கிடைப்பது அரிது. ஆகையால், பொறியின் உறுப்புகளுள் தலைமையானதாகிய செயலியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விஞ்ஞான அடிப்படையில் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

இவ்விஷயம் அண்மையில் மேலும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைக்கு அளிக்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கும், ஏஎம்டி செயலிகளில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசைக்கும் முற்பட்டவற்றை ஏற்பதில்லை. ஆகவே பழைய பொறிகளை வைத்திருக்கும் நிலையங்கள், அவற்றை வேறு இயக்க முறைக்கு மாற்றுவதா, புதியன வாங்குவதா என்று முடிவு செய்யவேண்டியவையாயின.

கடைக்காரர் கூறும் முதல் எண்ணைக் கேட்டு மயங்காமல், செய்யவேண்டிய பணியிலிருந்து தொடங்கிச் செயலியை அடைவதே சரியான வழி. அதற்கு வேண்டிய அடிப்படைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

செயலி செய்வது யாது?

செயலியின் வேலையை மூன்று சொற்களில் அடக்கலாம்: எடுத்தல், பொருள் அறிதல், நிறைவேற்றல். நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கிறது. அக்கட்டளை கூட்டச் சொல்கிறதா, ஒப்பிடச் சொல்கிறதா, வேறிடத்திற்கு மாற்றச் சொல்கிறதா என்று அறிகிறது. பின்னர் அதனை நிறைவேற்றுகிறது. கடிதம் அச்சிடுவதாயினும் படம் காட்டுவதாயினும் முடிவில் இச்சிறு செயல்களின் தொகுதியே.

1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலிகளில் அவற்றின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் உள்ளது. நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'சக்தி' செயலி 2018-இல் சண்டிகரிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் வார்க்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் 'வேகா' என்னும் செயலி வரிசையை உருவாக்கியுள்ளது. எனினும் கடையில் உறுப்புகளை வாங்கி மேசைக் கணிப்பொறி அமைப்போர் முன்னுள்ளவை பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களின் செயலிகளே.

கடிகார வேகம்: பாதி உண்மை

செயலியின் உள்ளே ஒரு துடிப்பு ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு செகண்டில் நூறு கோடி முறை துடித்தால் அதனை 1 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். இவ்வெண் பெரிதாக இருந்தால் செயலி சிறந்தது என்று கருதுவோர் பலர். இது பாதி உண்மையே.

ஏற்றத்தால் நீர் இறைப்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மணியில் எவ்வளவு நீர் வாய்க்காலில் பாயும் என்பது, ஏற்றம் எத்தனை முறை இறங்கி ஏறுகிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. சாலின் கொள்ளளவையும் பொறுத்தது. சிறு சாலை விரைந்து இறைப்பவரைவிடப் பெருஞ்சாலை நிதானமாக இறைப்பவர் அதிக நீர் பாய்ச்சக்கூடும். செயலியிலும் ஒரு துடிப்பில் முடிக்கப்படும் கட்டளைகளின் எண்ணிக்கையே சாலின் கொள்ளளவு. அது செயலியின் உள்ளமைப்பைப் பொறுத்து மாறுகிறது.

இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பென்டியம் 4 செயலி, துடிப்பின் வேகத்தைப் பெருக்குவதையே குறிக்கோளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. 2004-இல் அதன் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அதற்குமேல் உஷ்ணம் தடையாக நின்றமையால், 4 கிகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிடும் திட்டம் கைவிடப்பட்டது. 2006-இல் வேறு உள்ளமைப்புடன் வந்த கோர் 2 டியோ ஈ6600 என்பதன் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆயினும் அது குறைந்த மின்சாரத்தில் பழைய செயலிகளைத் தெளிவாக முந்தியது. ஆகவே கடிகார வேகத்தை ஒரே உள்ளமைப்புடைய இரு செயலிகளை ஒப்பிடுவதற்கு மட்டுமே உபயோகிக்க வேண்டும். வெவ்வேறு தலைமுறைகளுக்கிடையே அவ்வெண் வழிகாட்டியாகாது.

கோர்களும் இழைகளும்

துடிப்பை மேலும் விரைவாக்குவது கடினமாயிற்று. ஆகவே ஒரே சில்லில் பல செயற்பகுதிகளை அமைக்கும் வழக்கம் பரவியது. இப்பகுதிகளைக் கோர்கள் என்பர். ஒரு கோர் தன் ஓய்வு நேரத்தை வீணாக்காமல் இரண்டு கட்டளைத் தொடர்களை மாறிமாறிக் கவனிக்குமாயின், அதற்கு இரண்டு இழைகள் உண்டு என்பர். இரண்டாவது இழை இரண்டாவது கோருக்கு ஈடாகாது. ஒரே ஆள் இரு வேலைகளைச் சாமர்த்தியமாகக் கவனிப்பது போன்றதே அது.

கோர்கள் மிகுந்தால் வேகமும் அதே அளவு மிகுமா? நாற்று நடுவதற்குப் பத்துப் பேர் வந்தால் வேலை விரைவில் முடியும். ஒரு பானைச் சோறு வேகுவதற்குப் பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும் நேரம் குறையாது. கணிப்பொறியின் பணிகளும் இவ்விரு வகையினவே. பெரிய படத் தொகுப்பை மாற்றியமைத்தல், வீடியோவைச் சுருக்குதல் ஆகியவை பிரித்துச் செய்யத்தக்கவை. கடிதம் தட்டச்சு செய்தல், இணையப் பக்கம் திறத்தல், சிறு கணக்கேடு பார்த்தல் ஆகியவற்றில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெற வேண்டும்.

1967-இல் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்க நிபுணர் இவ்விதியை எடுத்துக்காட்டினார். ஒரு வேலையின் பாதி மட்டுமே பிரிக்கத்தக்கது என்று கொள்வோம். ஒரு கோர் அதனை 100 செகண்டில் முடிக்கிறது. நான்கு கோர்கள் இருப்பின், பிரிக்க இயலாத 50 செகண்டு அப்படியே நிற்க, மற்றப் பாதி 12.5 செகண்டாகக் குறையும், மொத்தம் 62.5 செகண்டு. எட்டுக் கோர்கள் இருப்பின் 56.25 செகண்டு. கோர்களை இருமடங்காக்கியும் மிச்சமானது 6.25 செகண்டே. கோர்கள் எத்தனை ஆயினும் 50 செகண்டுக்குக் கீழே இறங்க இயலாது.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாதெனில், பொதுப் பணிகளுக்குச் சிறந்த நான்கு கோர்கள் போதுமானவை; பிரித்துச் செய்யத்தக்க வேலை நாள்தோறும் உள்ளவர்க்கே ஆறு அல்லது எட்டுக் கோர்கள் பயன் தரும்.

கேஷ் நினைவகம்

செயலி எவ்வளவு விரைவானதாயினும், அதற்கு வேண்டிய விவரம் உரிய நேரத்தில் வந்து சேராவிடில் வாளா இருக்க வேண்டியதே. ராம் நினைவகத்திலிருந்து ஒரு விவரம் வருவதற்குச் சுமார் 60 முதல் 100 நானோ செகண்டு ஆகும். 4 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 240 முதல் 400 துடிப்புகள் வரை காத்திருப்பதாகும். இக்குறையைப் போக்கவே, அடிக்கடி தேவைப்படும் விவரங்களைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் அமைக்கப்படுகிறது. சமையற்காரர் ஒவ்வொரு சிட்டிகை உப்பிற்கும் கடைக்குச் செல்லாமல், அஞ்சறைப் பெட்டியை அருகில் வைத்துக்கொள்வதை இது ஒத்தது.

இதன் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் முதன்மை நினைவகம் 2,048 சொற்கள் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் 40 பிட். அதாவது 10 கிலோபைட். இன்று சாதாரணச் செயலி ஒன்றின் கேஷ் மட்டும் 12 மெகாபைட். டிஃப்ராக்கின் முழு நினைவகத்தைப்போல் 1,200 மடங்கிற்கு மேல்.

கேஷைக் குறைத்து விலையைக் குறைப்பது நெடுநாளைய வழக்கம். 1998 ஏப்ரலில் வெளியான முதல் செலிரான் செயலியில் இரண்டாம் நிலைக் கேஷ் அறவே நீக்கப்பட்டிருந்தது. அதன் மந்தநிலை உடனே குறைகூறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலிரான் 300ஏ செயலியில் 128 கிலோபைட் கேஷ் சேர்க்கப்பட்டதும், அது விலை மிகுந்த பென்டியம் 2 செயலிகளுக்கு அருகில் வந்து நின்றது. இரண்டு செயலிகளின் விலை நெருங்கியிருக்கும்போது கேஷ் அளவையும் பார்ப்பது நலம்.

தலைமுறை: ஐ7-ஐ வென்ற ஐ3

நம் நாட்டுக் கடைகளில் மிகுதியாகக் கேட்கும் சொல் "ஐ7 பொறி" என்பது. பழைய செயலியைப் புதிய தாய்ப்பலகையிலும் புதிய கேபினெட்டிலும் பொருத்தி, "ஐ7, 3.4 கிகாஹெர்ட்ஸ்" என்று மட்டும் கூறி விற்பதுண்டு. அச்சொற்களில் பொய் இல்லை. ஆனால் முக்கியமான செய்தியும் இல்லை.

2011-இல் வெளியான கோர் ஐ7-2600 என்பதையும், 2022-இல் வெளியான கோர் ஐ3-12100 என்பதையும் ஒப்பிடுவோம். முன்னதற்கு 4 கோர்கள், 8 இழைகள், பின்னதற்கும் அவ்வாறே. முன்னதன் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் வேகம் 3.3. இவ்விரு எண்களை மட்டும் பார்ப்பவர் இரண்டும் சமம் என்றே முடிவு செய்வார். ஐ7 என்னும் பெயரை நம்புபவர் பழையதையே தேர்ந்தெடுப்பார். உண்மையில் ஒரு கோர் செய்யும் பணியில் ஐ3-12100 ஏறத்தாழ இருமடங்கு விரைவானது. பழையதன் மின்சக்தி வரையறை 95 வாட். புதியதன் அடிப்படை வரையறை 60 வாட். பழையது விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படாதது, புதியது ஏற்கப்படுவது. பெயரில் தாழ்ந்தது பயனில் உயர்ந்து நிற்கிறது.

எனவே ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைகள் மட்டுமே. அதனை அடுத்து வரும் எண்ணைப் படிக்க வேண்டும். 12100 என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் பன்னிரண்டாம் தலைமுறையைக் குறிக்கின்றன. 2600 என்பதில் முதல் இலக்கமாகிய 2 இரண்டாம் தலைமுறையைக் குறிக்கிறது.

தலைமுறை எண்ணையும் கண்மூடி நம்பலாகாது. 2024-இல் வந்த ஐ3-14100, பெயரால் இரண்டு தலைமுறை பிந்தியதாயினும், உள்ளமைப்பில் ஐ3-12100-ஐப் போன்றதே. துடிப்பின் வேகமே சற்று மிகுதி. ஏஎம்டி வரிசையில் ரைசன் 3 3200ஜி, ரைசன் 3 3100 ஆகிய இரண்டும் 3000 என்னும் எண் வரிசையில் இருப்பினும், முன்னது பழைய உள்ளமைப்பும் பின்னது புதிய உள்ளமைப்பும் உடையவை. விலை வேறுபாடு சிறிதாயின் புதியதை வாங்கலாம். பெரிதாயின் முந்தியதே சிக்கனம்.

எண்ணின் இறுதியிலுள்ள எழுத்து

செயலியின் பெயரில் கடைசி எழுத்து சிறியது. அதனால் நேரும் நஷ்டம் பெரிது. இன்டெல் பெயரில் 'எஃப்' என்னும் எழுத்து இருப்பின், அச்செயலியில் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். ஐ3-12100எஃப் விலையில் குறைவாக இருப்பது இதனாலேயே. தனிக் கிராபிக்ஸ் அட்டை வாங்காவிடில் அப்பொறியின் திரையில் ஒன்றும் தெரியாது. அட்டைக்குச் செலவிடும் தொகையோ மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு ஆகும். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் இதற்கு நேர்மாறான வழக்கம்: பெயரில் 'ஜி' இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600ஜி என்பதில் உண்டு. ரைசன் 5 5600, 5500 ஆகியவற்றில் இல்லை.

இன்டெல் பெயரில் 'கே' என்பது வேகத்தை விருப்பம்போல் உயர்த்த இடந்தருவது. நமது பணிகளுக்கு வேண்டுவதன்று. 'டி' என்பது குறைந்த மின்சாரத்தில் இயங்குவது.

வகுப்பறைக்கு மற்றொரு கவனிப்பும் உண்டு. பாட வீடியோக்கள் பலவகைச் சுருக்க முறைகளில் வருகின்றன. அம்முறையை விரிக்கும் தனிப்பகுதி செயலியின் கிராபிக்ஸில் இருப்பின் வேலை எளிதாக முடியும். இல்லையேல் கோர்கள் அனைத்தும் அதற்கே உழைத்துக் களைக்கும். விபி9 என்னும் முறை ஐ3-12100, ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டிலும் விரிக்கப்படும். அதற்குப் பிந்திய ஏவி1 என்னும் முறை முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. ஐ7-2600-இல் இரண்டுமே இல்லை.

செயலி தனியே வருவதில்லை

செயலியை ஏற்கும் சாக்கெட், அதனைக் கொண்ட தாய்ப்பலகை, அப்பலகைக்குரிய ராம் ஆகியவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன. ஐ3-12100 எல்ஜிஏ 1700 சாக்கெட்டிலும், ரைசன் 5 5600ஜி ஏஎம்4 சாக்கெட்டிலும் பொருந்தும். ஏஎம்4 பலகை டிடிஆர்4 நினைவகத்தையே ஏற்கும். எல்ஜிஏ 1700 பலகைகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகையும் உண்டு. ஒரு பலகை ஒரு வகையையே ஏற்பது பொது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்பது. ஆனால் பின்னர் செயலியை மட்டும் மாற்றி மேம்படுத்த அதில் இடமுண்டு. நினைவகச் சில்லுகளின் விலை நிலையற்றது. 2025-இன் பிற்பகுதியில் அது பெரிதும் உயர்ந்தது. ஆகவே செயலியின் விலையை மட்டும் ஒப்பிடாமல், செயலி, பலகை, ராம் ஆகிய மூன்றையும் கூட்டி ஒப்பிட வேண்டும்.

கிராபிக்ஸ் பகுதி செயலிக்குள் இருக்கும்போது, அது ராம் நினைவகத்தையே பகிர்ந்துகொள்கிறது. இந்நிலையில் 16 கிகாபைட் துண்டு ஒன்றைவிட 8 கிகாபைட் துண்டுகள் இரண்டைப் பொருத்துவது மேல். இருவழிகளில் விவரம் பாய்வதால் படம் காட்டும் வேலை கண்கூடாக விரைவுபடும்.

மொத்தத் தொகையில் கால் பங்கிற்கு மேல் செயலிக்குச் செல்லலாகாது என்பதை ஒரு வரம்பாகக் கொள்ளலாம். உயர்ந்த செயலியை வாங்கி, 4 கிகாபைட் ராமும் சுழலும் வன்தட்டும் வைத்த பொறியைவிட, எளிய செயலியுடன் 16 கிகாபைட் ராமும் எஸ்எஸ்டியும் வைத்த பொறி அன்றாடப் பணியில் மிக விரைவாக இயங்கும்.

மின்சாரமும் உஷ்ணமும்

பெட்டியில் அச்சிட்ட வாட் அளவு, செயலி எப்பொழுதும் செலவிடும் மின்சாரமன்று. நீடித்த பணியில் வெளிப்படும் உஷ்ணத்தின் வரையறையே அது. கோர் ஐ5-12400 செயலியின் அடிப்படை வரையறை 65 வாட். வேகம் உச்சமடையும் சிறு பொழுதில் அது 117 வாட் வரை செல்லலாம். மின்வழங்கியாகிய எஸ்எம்பிஎஸ், விசிறி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவது எண்ணையும் கருத வேண்டும்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பொறி சராசரி 95 வாட்டும், மற்றொன்று 35 வாட்டும் செலவிடுவதாகக் கொள்வோம். வேறுபாடு 60 வாட். நாளொன்றுக்கு 7 மணி, ஆண்டுக்கு 200 நாட்கள், 10 பொறிகள் எனின், ஓராண்டில் 840 யூனிட் மிச்சமாகும். ஏழு ஆண்டுகளில் 5,880 யூனிட். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் இது பணத்தைப் பற்றியது மட்டுமன்று. ஈய அமிலப் பாட்டரியில் இயங்கும் யுபிஎஸ்ஸின் சுமை பாதியாகுமாயின், அது தாங்கும் நேரம் இருமடங்கிற்கும் மேலாகும். பதிவேட்டைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்கு அந்நேரமே துணை.

நாகபுரி, பிகானேர் போன்ற இடங்களில் மே மாதத்தில் நிழலிலும் 43 டிகிரி வெப்பம் சாதாரணம். குளிர்ந்த அறையில் 25 டிகிரியில் சோதிக்கப்பட்ட செயலி, அங்கே ஏறத்தாழ 18 டிகிரி கூடுதலான உஷ்ணத்தில் இயங்கும். எல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில் தூசி படிந்தால் இது மேலும் மிகும். ஆகவே வெப்பமான ஊர்களில் குறைந்த வாட் செயலி சிக்கனம் மட்டுமன்று, வேகமும் அதுவே.

பணிக்கேற்ற தேர்வு

கீழ்க்கண்ட மூன்று பிரிவுகளுள் தமது பணி எதில் அடங்கும் என்பதை வாசகர் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

முதற் பிரிவு: கடிதம், கணக்கேடு, இணைய விண்ணப்பங்கள், பாட வீடியோ. 2023-இல் வந்த இன்டெல் என்100 செயலி இதற்குப் போதும். நான்கு சிறு கோர்கள் கொண்ட இதன் வரையறை 6 வாட்டே. இது பலகையுடன் பிரிக்க இயலாதவாறு இணைந்தே வருவது. ராம் ஒரே வழியில்தான் பாயும். மின்தடை மிகுந்த களநிலையங்களுக்கு இது மிகவும் ஏற்றது.

இரண்டாம் பிரிவு: பள்ளி ஆய்வகத்தில் நிரல் எழுதக் கற்பித்தல், படங்களைத் திருத்துதல், கியூஜிஐஎஸ் போன்ற நிலப்பட மென்பொருள், ஒரே சமயத்தில் பல வேலைகள். ஐ3-12100, ஐ3-14100, ரைசன் 5 5600ஜி ஆகியவற்றுள் உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதை ஏற்கலாம். பெரும்பாலான பள்ளிகளும் அலுவலகங்களும் இப்பிரிவைத் தாண்டுவதில்லை.

மூன்றாம் பிரிவு: நாள்தோறும் வீடியோ தொகுத்தல், பெரிய செயற்கைக்கோள் படங்களை ஆராய்தல். இங்குப் பிரித்துச் செய்யத்தக்க வேலை மிகுதியாதலால் ஐ5-12400 போன்ற ஆறு கோர் செயலியும், 32 கிகாபைட் ராமும் தகும். பத்துப் பொறிகள் வாங்கும் நிலையத்தில் இத்தகையது ஒன்றிருந்தால் போதும். மற்ற ஒன்பதும் இரண்டாம் பிரிவினவாக இருக்கலாம்.

வாங்குமுன் ஒரு சோதனை

பழைய பொறி மெதுவாக இயங்குவதற்குச் செயலியே காரணம் என்று முடிவு கட்டுமுன், அதனைச் சோதித்தறிய வேண்டும். மாணவர்களைக் கொண்டும் இச்சோதனையைச் செய்விக்கலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே செயலி, நினைவகம், தட்டு ஆகிய மூன்றின் சதவிகிதங்களைக் கால் மணி நேரம் குறித்து வருக.

நினைவகம் 90 சதவிகிதத்தைத் தாண்டி நிற்குமாயின் குறை ராமில் உள்ளது. தட்டு 100 சதவிகிதத்திலேயே நிற்குமாயின் வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துவதே மருந்து. இரண்டும் இன்றிச் செயலியே நிறைந்து நிற்குமாயின் அதனை மாற்றுவதில் நியாயம் உண்டு. இங்கு ஓர் எச்சரிக்கை: எட்டு இழைகளுள்ள செயலியில் ஒரே இழையில் ஓடும் வேலை அதனை முற்றும் ஆட்கொண்டாலும், மொத்த அளவு எட்டில் ஒரு பங்காகிய 12.5 சதவிகிதமே காட்டும். ஆகவே ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி வரைபடம் காட்டுமாறு அமைத்துப் பார்ப்பது அவசியம்.

விண்டோஸ் 11 ஏற்காத பொறிகளும் லினக்ஸ் முறையில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளுக்கு இடந்தருவது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறிக் கல்வி பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. பழைய பொறிக்கு ஓர் எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் வாங்குவது, புதிய பொறியின் விலையில் சிறு பங்கே ஆகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. விலைப்புள்ளி கோரும்போது "ஐ3" அல்லது "ரைசன் 5" என்று மட்டும் எழுதாமல், செயலியின் முழு எண்ணையும் இறுதி எழுத்தையும் குறிப்பிடுக. அதே பெயர் ரசீதிலும் இருத்தல் வேண்டும்.

2. பெட்டியுடன் வரும் செயலிக்கு இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் 3 ஆண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. பெட்டியின்றி வரும் 'டிரே' செயலிக்குப் பொறுப்பு விற்பவரைச் சார்ந்தது. விசிறியும் உடன் வராமலிருக்கலாம்.

3. தாய்ப்பலகையின் பயாஸ், செயலிக்கு முற்பட்டதாயின் பொறி இயங்கத் தொடங்காது. வேண்டிய பதிப்பு ஏற்றப்பட்டுள்ளதை விற்பவரே உறுதி செய்து தர வேண்டும்.

4. பொறியைப் பெற்றுக்கொள்ளுமுன் டாஸ்க் மானேஜரிலோ, லினக்ஸ் ஆயின் எல்எஸ்சிபியு என்னும் கட்டளையாலோ செயலியின் பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

5. ராம் துண்டுகள் இரண்டும் உரிய இடங்களில் பொருத்தப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

சுருங்கக் கூறின், பணியை வகைப்படுத்துதல், பழைய பொறியின் குறையைச் சோதித்தறிதல், தலைமுறையையும் இறுதி எழுத்தையும் படித்தல், செயலி, பலகை, ராம் மூன்றன் விலையையும் கூட்டி நோக்குதல் ஆகிய நான்கும் தேர்வின் படிகளாம். இவற்றை அனுசரிப்பின், ஒரு மிகை விலைப் பொறியின் இடத்தில் இரண்டு பயனுள்ள பொறிகளை நிறுவ இயலும். ஒரு விசைப்பலகையை நான்கு மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் வகுப்பில் இருவருக்கு ஒன்று கிடைப்பது சிறு நன்மையன்று.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு வேலையின் நான்கில் மூன்று பங்கு பிரித்துச் செய்யத்தக்கது. ஒரு கோர் அதனை 80 செகண்டில் முடிக்கிறது. நான்கு கோர்களும் எட்டுக் கோர்களும் எவ்வளவு நேரத்தில் முடிக்கும்?

2. "ஐ7 எப்பொழுதும் ஐ3-ஐவிடச் சிறந்தது" என்னும் கூற்றை எடுத்துக்காட்டுடன் ஆராய்க.

3. உமது நிலையத்திலுள்ள பொறிகளின் செயலிப் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றின் தலைமுறை, கோர்கள், இழைகள், வாட் வரையறை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் எழுதுக. அவற்றுள் எவற்றைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம், எவற்றை மாற்ற வேண்டும் என்று காரணத்துடன் குறிப்பிடுக.